கருவாட்டுக் குழம்பில் முடித்த கதை

தம்பி,

உன் அம்மா எழுதுகிறேன். சௌக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர. ஆனால் இது சௌக்கியம் சொல்ல எழுதுகிற கடிதம் இல்லை. இன்லேண்டில் அடங்காது என்று தெரிந்துதான் உன் பழைய காலேஜ் நோட்டில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நீயும் ஒரே மூச்சில் படி. நடுவில் நிறுத்தி, "எங்க அம்மா என்னமா எழுதறாங்க பாருடா" என்று ரூமில் இருக்கிற பையன்களுக்குப் படித்துக் காட்டாதே. அந்தப் பெருமை இந்தத் தடவை எனக்கு வேண்டாம்.

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. பன்னிரண்டு கதை சேர்த்துப் புத்தகம் வரப்போகிறது, பரிசு வாங்கின கதைதான் அதில் முதல் கதை, அதன் பெயரே புத்தகத்துக்கும் பெயர், மாதக் கடைசியில் அச்சு ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். அப்பா அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது தாளில் நாலைந்து பேருடைய கிரீஸ் விரல் பதிந்திருந்தது. அவர் வேலை பார்க்கிற பம்ப் ஹவுஸே படித்திருக்கிறது. கடைசிப் பத்தியை மட்டும் மடித்து வைத்துக் காட்டினாராம், அது எனக்கு எழுதியது என்று. அதில் நீ கேட்டிருந்தாய்: "பதிப்பகத்தார் அடுத்து ஒரு நாவல் கேட்கிறார்கள், அதுவும் நம்ம பிளாக்கை வைத்தே. நீ முன்னே ஒரு தடவை எழுதினாயே, அந்த மாதிரி அங்கே நடக்கிறதையெல்லாம் எழுதி அனுப்பும்மா. யாருக்கு யாரோடு சண்டை, யார் எப்படிப் பேசுகிறார்கள், எதையும் விடாதே." பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்ப மாட்டேன். அதோடு, அந்த முதல் கதையை நீ இப்போதைக்கு அச்சுக்குப் போகாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை தாள்.

அம்மாவுக்கு என்ன வந்தது, யாராவது ஏதாவது ஓதிவிட்டார்களா என்று யோசிக்காதே. நீ பி.ஏ. முடித்து வந்தபோது டவுன்ஷிப் ஆபீஸில் கிளார்க் வேலைக்கு அப்பா நாலு பேர் காலைப் பிடித்து ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பெர்மனென்ட், பெர்மனென்ட் என்று அந்த வாரம் அவர் சொன்ன அளவுக்குச் சாமி பெயரைக்கூட ஆயுசில் சொல்லியிருக்க மாட்டார். நீயோ மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்காரர்கள் நடத்துகிற கதை வகுப்புக்கு, பட்டதாரிகள் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம் என்ற அந்த வகுப்புக்கு, எங்களிடம் மூச்சு விடாமல் விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கி வைத்திருந்தாய். "கதை எழுதறதுக்கு கிளாஸா? நாளைக்கு அழுவறதுக்கும் கிளாஸ் வெப்பானுங்க, அதுக்கும் போவான் உம்புள்ள" என்று அப்பா கத்தினார். "ஒரு வருசம் போயிட்டு வரட்டுங்க. நாற்காலி எங்கயும் எழுந்து ஓடாது" என்று சொன்னவள் நான். மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏற்றிவிட வந்தவளும் நான்தான். உன்னை அனுப்பினவள் என்கிற உரிமையில்தான் இப்போது நில் என்கிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் நீ எழுதின கடிதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. உங்கள் பதினெட்டுப் பேரில் பதினோரு பேருக்கு எங்கேயாவது ஒரு கதை அச்சில் வந்துவிட்டது. வரதனுக்குப் புத்தகமே வரப்போகிறது. "உனக்குக் கை இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை" என்று வகுப்பு எடுக்கிறவர் எல்லார் முன்னாலும் உன்னைச் சொல்லிவிட்டார். "அந்த கிளார்க் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று அப்பாவைக் கேள்" என்று எழுதியிருந்தாய். என் பிள்ளைக்குள்ளே சரக்கு இல்லையா? யார் அந்த ஆள்? அன்றைக்கு மட்டும் அவர் என் கண்ணில் பட்டிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவரைக் கேட்க முடியாத ஆத்திரத்தில், செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை என்னை நம்பிச் சொன்னதை எடுத்து, நாலு பக்கம், உனக்கு எழுதினேன். சரக்கு இல்லை என்றானே, இந்தா பிடி என்று.

அஞ்சலைக்கு நான் என்ன சத்தியம் செய்தேன் என்பதை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அதை இப்போது கேள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்க இரண்டு பேரும் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் ஊர் மைன்ஸுக்குப் போனதும், அதற்குப் பதிலாகத்தான் அவள் புருஷன் கோவிந்தனுக்கு வேலை கிடைத்து நமக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும். இப்போது இருக்கிற பெண்ணுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து எட்டாம் மாதத்தில் தவறிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். வீட்டுக்குப் பின்னால், முந்திரித் தோப்பு ஓரத்தில் புதைத்திருக்கிறார்கள். ஊரைக் காலி பண்ணச் சொன்னபோது சாமான் சட்டியெல்லாம் வண்டியில் ஏற்றினார்கள், அதை எப்படி ஏற்றுவது? மண்ணைத் தோண்டுகிற மிஷின் வருவதற்கு முன்னால் மரத்தை வெட்டி வேர் பறிக்கிற கான்ட்ராக்ட் வேலைக்கு அவள் போனாளே, நாம் எல்லாரும் என்ன நினைத்தோம்? இரண்டு கை சம்பாதித்தால் நல்லது என்று போகிறாள் என்றுதானே. "இல்லக்கா. அந்த எடத்துக்கு மிஷின் என்னிக்கு வருதுன்னு பாத்துகினு இருக்கணும்னுதான் போனேன். அவருக்கே தெரியாது. நீ யார் வூட்டுலயும் சொல்லாத" என்றாள். நான் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்த கையாலேயே எழுதினேன். மிஷின் வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

நீ அதை எடுத்துக் கதை எழுதுவாய் என்று தெரியாமலா எழுதினாய் என்று கேட்பாய். தெரியும். ஆனால் அப்படியே எடுப்பாய் என்று தெரியாது. ஏதோ ஒரு தாய், ஏதோ ஒரு ஊர், நாலு விஷயம் மாற்றி, அடையாளம் தெரியாமல் ஏதோ செய்வாய், அதைத்தானே வகுப்பில் சொல்லித் தருவார்கள் என்று நினைத்தேன். நீ அஞ்சலையைப் பொன்னம்மா என்று மாற்றினாய். அவ்வளவுதான். முந்திரித் தோப்பு, எட்டு மாதக் குழந்தை, புருஷனுக்குத் தெரியாதது, முறத்தில் ரேஷன் அரிசி, அதில் பொறுக்கின கல் வரைக்கும் எல்லாம் நான் எழுதின வரிசையிலேயே இருக்கிறது. நான் சொல்லாமல் விட்ட அந்தக் கடைசி நாளை மட்டும் நீயாகப் போட்டுக்கொண்டாய்.

பரிசு வந்த அன்றைக்கு இங்கே நடந்ததை நீ அப்பா வாயால் கேட்டிருப்பாய். என் வாயால் கேட்டதில்லை. பத்திரிகையில் உன் போட்டோ, கீழே பெயர், பெயருக்குக் கீழே நெய்வேலி. அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. மந்தாரக்குப்பத்து ஏஜெண்டிடம் இருந்த அத்தனை பிரதியையும் கட்டாக வாங்கிக்கொண்டு வந்து, என்னை பூந்தி தேய்க்கச் சொல்லி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பத்திரிகை வைத்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நம் பிளாக் முழுக்க வீடு வீடாகக் கொடுத்தார். உனக்குப் பெயர் வைத்த விசேஷத்துக்குக்கூட இவர் இப்படி நடந்ததில்லை. அவர் கதையைப் படிக்கவில்லை. பிரஷர் மீட்டரைத் தவிர எதையும் முழுசாகப் படிக்கிற மனுஷர் இல்லை என்பது உனக்குத் தெரியாததா? நானும் படிக்கவில்லை, நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்படித்தான் அஞ்சலையின் கதை, அஞ்சலையின் வீட்டு வாசலுக்கே, பூந்தியோடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அவள் வந்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிடித்திருந்தாள், அழுக்குப் படக்கூடாதாம். "தம்பி கதையப் படிச்சிக் காட்டுக்கா. பிளாக்கே பேசிகினு இருக்குது, எனக்கும் அவருக்கும் படந்தான் தெரியுது" என்றாள். நானும் சந்தோஷமாகத்தான் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கம் திரும்புவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. முந்திரித் தோப்பு வந்தது. முறம் வந்தது. நிறுத்திவிடலாம், கண் வலிக்கிறது என்று சொல்லலாம் என்று பார்த்தால், இன்னொரு வீட்டில் கொண்டு போய்க் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். அதனால் படித்துக்கொண்டே போனேன், கண் மட்டும் இரண்டு வரி முன்னால் ஓடிப் பார்த்துக்கொண்டே. உன் முடிவு வந்தது. பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டு, கூவிக்கொண்டு, மிஷின் முன்னால் ஓடுகிறாள். மேஸ்திரி இழுத்துப் போடுகிறான். கடைசியில் புத்தி பேதலித்து மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ளயப் பாத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள்.

அதை நான் அவளிடம் படிக்க முடியுமா, நீயே சொல். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "பொன்னம்மா அன்னிக்கு வேலை முடிஞ்சு வூட்டுக்கு வந்தா. கை கால் கழுவினா. பொண்ணு பள்ளிக்கூடத்துலருந்து வந்து பசிக்குதும்மான்னுச்சு. கருவாட்டுக் குழம்பு வெச்சா. ரெண்டு பேரும் உக்காந்து சாப்ட்டாங்க." அவ்வளவுதான் என்று பத்திரிகையை மூடினேன். "நல்லாருக்குக்கா" என்றாள் அஞ்சலை. "கருவாட்டுக் கொழம்பு நல்லாருக்குது." எழுந்து போய்விட்டாள். ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன், தம்பி. நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த முகம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் எனக்கு ஒரு ருசி தட்டியது. தப்பிலிருந்து தப்பிக்கச் சொன்ன பொய்தான், ஆனாலும் ருசி. அதனால் உன் தாகம் எனக்குப் புரியாது என்று சொல்லாதே.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள், இன்னொரு தடவை படி என்று. படித்தேன். கடைசிக்கு வந்ததும் போன தடவை மாதிரியே முடித்தேன். முடித்ததும் அவள் லேசாகச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கதை பிடித்துவிட்டது, இனிமேல் ஒன்றும் இல்லை, நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். தவளையும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

இங்கே உன் வரதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு நீ அழைத்து வந்தாயே, உங்களில் முதலில் புத்தகம் போட்ட பிள்ளை. நீ சாயந்திரம் மந்தாரக்குப்பத்துக்குச் சினேகிதனைப் பார்க்கப் போய்விட்டாய், அவன் சமையலறை வாசலில் மணை போட்டு உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தான். நான் எதைச் சொன்னாலும் சிகரெட் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் குறித்துக்கொண்டான். தோசைக் கல்லுக்கு வெங்காயம் தேய்க்கிறதைக்கூட. "அந்தப் பொன்னம்மா யாரும்மா, எனக்குக் காட்டுங்களேன்" என்றான். அப்படி யாரும் இல்லை, என் பிள்ளை கற்பனை என்றேன். அவன் நம்பவில்லை. பிறகு அவனாகவே சிரித்துக்கொண்டு சொன்னான்: "எங்க வீட்டுல இருக்கிற எல்லாரையும் முதல் புஸ்தகத்துலயே எழுதிட்டேம்மா. தாத்தா, அத்தை, அத்தையை விட்டுட்டுப் போன மாமா, எல்லாம். இப்ப நான் லீவுக்குப் போனா பேச்சை நிறுத்திடறாங்க. நான் கூடத்துக்கு வந்தா அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடறாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த புத்தகத்துக்கு ஒரு வரி இல்லையாம். இருபத்து மூணு வயசு. எனக்கு அவனைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தோசை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவன் கெட்ட பிள்ளை இல்லை. சீக்கிரம் கைதட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கைதட்டினவர்கள் அவனைக் கொஞ்சம் நில் என்று சொல்லவில்லை, இன்னும் இன்னும் என்றார்கள்.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பார்த்ததும் எனக்கு அவன் ஞாபகம் வந்தது. வரதனின் சிகரெட் பெட்டியை நீ எனக்கு அனுப்பின மாதிரி இருந்தது. நான் குறித்து அனுப்ப வேண்டும், நீ எழுத வேண்டும். பத்திரிகை என்றால் ஒரு வாரத்தில் கடைக்குப் பொட்டலம் கட்டப் போய்விடும். புத்தகம் அப்படியா? அலமாரியில் உட்காரும். அஞ்சலையின் பெண் இப்போது மூணாம் கிளாஸ், எழுத்துக்கூட்டிச் சுவரில் இருக்கிற போஸ்டரையெல்லாம் படிக்கிறாள். அஞ்சு வருஷம் கழித்து அவள் எடுத்துப் படிப்பாள், தன் அம்மா பஸ் ஸ்டாண்டில் பைத்தியமாகத் திரிந்ததாக. ஐந்து நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன்.

எல்லாம் சொன்னேன். சத்தியத்தை மீறினது, கடிதம் எழுதினது, முடிவை மாற்றினது. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே, "அவன் இன்னா எழுதியிருக்கான்னு படி" என்றாள். இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் படித்தேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும். முடித்ததும் அவள் கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். திங்கள், செவ்வாய், புதன் என்னிடம் பேசவில்லை. கறிவேப்பிலை கேட்டு வரவில்லை. வாசலில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒன்பது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். அந்த மூணு நாளைப் போல நான் பட்டதில்லை.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முக்கால் மணி நேரம். உன் கதையை அவர் முதல் முதலாகப் படித்தது அன்றைக்குத்தான். "நாந்தான கொண்டுபோய்க் குடுத்தேன், கோவிந்தன் கையில" என்றார். சோறு வேண்டாம் என்றார். நான் உனக்கு எழுதப்போவதைச் சொன்னேன். அவன் பாவம், மேலே வருகிற நேரத்தில் இழுக்காதே என்று தடுப்பார் என்று நினைத்தேன். "மோட்டார நிறுத்தாதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்கு. நிறுத்தினா கீழருந்து மைன்ஸுக்குள்ள தண்ணி வந்துடும். ஆனா இது மோட்டார் இல்ல. எழுது" என்றார்.

வியாழக்கிழமை, அதாவது நேற்று, அஞ்சலை வந்தாள். முறத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து உட்கார்ந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "மொத தடவ நீ கொழம்பு வெச்சப்பவே. அதுவரிக்கும் தாளப் பாத்துப் படிச்சிகினு இருந்த, கொழம்பு வந்ததும் என் மூஞ்சியப் பாத்துகினு பேசின. இன்னும் பாக்கலாம்னுதான் ரெண்டாவது தடவ வந்தேன். மொதல்ல கருவாடுன்ன, ரெண்டாவது தடவ கத்திரிக்கான்ன. அச்சடிச்ச தாளுல கொழம்பு மாறுமாக்கா?" நான் முறத்தில் கல் தேடினேன். "தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அதுக்கு நான் எதுவும் சொல்லல, அது எந்தச் சத்தியமும் பண்ணல. உம்மேலதான் கோவம். அது இருக்கும். நீ பொறுத்துக்கோ." பொறுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அதற்கப்புறம் அவள் அந்த நாளைச் சொன்னாள். மிஷின் தோப்பு ஓரத்துக்கு வந்த நாள். ஒரு மணி நேரம் சொன்னாள், முறத்தில் ஒரு கல் பாக்கி இல்லாமல் பொறுக்கிக்கொண்டே. தம்பி, நீ எழுதினது மாதிரி ஒன்றும் இல்லை. நான் சொன்ன குழம்பு மாதிரியும் இல்லை. நீயும் நானும் சேர்ந்து ஆயிரம் வருஷம் யோசித்தாலும் அது நமக்குத் தோன்றாது. அதை நான் இந்தத் தாளில் எழுத மாட்டேன். எழுதக் கை துடிக்கிறது, எழுத மாட்டேன். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் உனக்கு எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அன்னிக்கு நான் அழுவல."

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதிப்பகத்தாரிடம் போய் அந்தக் கதையை நிறுத்தி வைக்கச் சொல். காரணம் கேட்டால் முடிவு தப்பு என்று சொல், அது பொய்யில்லை. புத்தகம் ஒரு மாதம் தள்ளிப் போகும் என்பார்கள், போகட்டும். பெயரை மாற்ற வேண்டும் என்பார்கள், மாற்றட்டும். இந்த வருஷம் விட்டால் மறந்துவிடுவார்கள், பதினெட்டுப் பேரில் பதினேழு பேர் முந்திவிடுவார்கள் என்று உனக்குள் ஒன்று அடித்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். போன ஆடியில் அதே பயத்தில்தான் நான் அந்த நாலு பக்கம் எழுதினேன். உனக்கு இருபத்திரண்டு வயசு. மறக்கிறவர்கள் மறக்கட்டும். அம்மா அனுப்பினால்தான் எழுத வரும் என்றால் அது உன் கை இல்லை, என் கை. உனக்கு உன் கை இருக்கிறது. கருவாடு, கத்திரிக்காய் என்று உளறுகிற எனக்கே ஒரு முகத்தைப் பார்த்ததும் கதை வந்தது. உனக்கு வராதா? ஆனால் முதலில் முகத்தைப் பார். நீ அந்தக் கதையை அஞ்சலையின் முகத்தைப் பார்க்காமல் எழுதினாய். பார்த்திருந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பியிருக்க மாட்டாய்.

அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ் ஏறி வா. நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம். அவள் முன்னால் உட்கார்ந்து நீ எழுதினதை உன் வாயால் படி. தலையைக் குனிந்துகொண்டு படித்தாலும் சரி, முழுக்கப் படி. அதற்கப்புறம் அவள் சொன்னால் கேள்; சொல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு எழுந்து வா. கதை இருக்கலாம் என்று அவள் சொன்னால் இருக்கட்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிடு, பதினோரு கதையோடு புத்தகம் வரட்டும், அப்பா மறுபடியும் பிளாக் முழுக்கப் பூந்தி கொடுப்பார், நான் தேய்க்கிறேன். அந்த நாவலை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே வந்து இருந்து எழுது. ரேஷன் வரிசையில் நில், அப்பாவோடு பம்ப் ஹவுஸுக்குப் போ, உன் எதிரில் நாங்கள் பேச்சை நிறுத்தாமல் இருக்கிறோமா என்று பார். நிறுத்தினால் அது உனக்குக் கிடைத்த பதில்.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் தனக்கு முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அஞ்சலையின் கண்டிஷன். வேலை விட்டு வந்ததும் வருகிறேன் என்றாள். வந்தாள். மேலே எழுதின அத்தனையும் இப்போதுதான் படித்து முடித்தேன். வரதன் வந்த இடத்தில், "அந்தப் புள்ள பாவம்க்கா" என்றாள். குழம்பு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "கத்திரிக்கான்னு தப்பா சொல்லிட்டேன், நீ ரெண்டாவது தடவ சொன்னது முருங்கக்கா. மாத்து." மேலே அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும், இங்கேயே திருத்திவிடுகிறேன்: முருங்கைக்காய். படிக்கிற நேரம் முழுக்க அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடித்ததும் கேட்டேன், தம்பி வந்தால் என்ன சொல்வாய், இப்போதே சம்மதம் என்று எழுதிவிடட்டுமா என்று. முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள்.

"சம்மதம்னு எழுதாத. சோறு போடறேன்னு மட்டும் எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மா